புதுப்பேட்டையிலிருந்து தக்கலைக்கு ஒரு எஞ்சின்

பழைய கார் வச்சிருக்கவங்க பார்ட்ஸ் கிடைக்கலைன்னு புலம்புறதைக் கேட்டிருப்பீங்க. அதெல்லாம் கிடைக்கும் சாமி. கிடைச்சதை 700 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் இறக்குறதுலதான் தாவு தீரும்.

எங்க வீட்டுல நிக்கிறது 1972 அம்பாசிடர் மார்க்-2. தாத்தா வாங்கினது, அப்பா ஓட்டிப் பழகினது. எஞ்சின் பிளாக்குல வெடிப்பு விழுந்து ஆயிலும் தண்ணியும் கலந்துபோய், ஆறு வருஷமா தக்கலை வீட்டு ஷெட்டுல கோழி அடையத்தான் உதவிக்கிட்டு இருந்துச்சு. ஆர்.சி. புதுப்பிக்கணும்னா வண்டி ஓடணும். இதுக்கு நடுவுல பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து விலை கேட்டுட்டுப் போயாச்சு. ரெண்டு தடவையும் அப்பா பதிலே சொல்லலை. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

மெக்கானிக் அண்ணாச்சி டீசல் எஞ்சினை மாட்டிரலாம்னார். "டீசல மாட்டினா பொறவு அது நம்ம வண்டி இல்லல்லா மக்கா"ன்னு அப்பா முடிச்சுட்டார். அவர் சொல்றதும் நியாயம்தான். அந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்து பி.எம்.சி. கம்பெனியோட பி-சீரிஸ் குடும்பம். எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாசம் உத்தர்பாராவுல நின்னுபோச்சு. இனி புதுசுக்கு வழியில்லை, கழட்டி விக்கிறதுலதான் தேடணும்.

நான் சென்னையில பொட்டி தட்டுறவன். மூணு சனிக்கிழமை புதுப்பேட்டையில அலைஞ்சு ஒரு எஞ்சினும், துருப்பிடிக்காத பானட் ஒண்ணும் பிடிச்சேன். எஞ்சின் நம்பர் போட்ட பில் வாங்கிக்கிட்டேன். பிளாக் மாறினா நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி.யில ஏத்தணும்.

முதல்ல ஒரு கூரியர் கம்பெனி. பேரு வேண்டாம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுக்கிறாங்க. வர்ற எடை, நிஜ எடை ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் காசு. பானட் பேக்கிங் 130 × 120 × 30. வகுத்தா 93.6 கிலோ! ரெண்டு பேர் அலட்சியமா தூக்குற தகரம் அது. எஞ்சின் பெட்டி 90 × 70 × 80, அது 100.8. அதாவது அவங்க கணக்குல பானட்டும் எஞ்சினும் கிட்டத்தட்ட ஒண்ணு. எஞ்சினோட நிஜ எடை அதுக்கும் நல்லா மேல போகும், அதனால அதுக்கு நிஜ எடைக்கே காசு. ரெண்டையும் கூட்டிச் சொன்ன தொகைக்கு இன்னொரு எஞ்சினே வாங்கிடலாம் :-)

அடுத்து ரயில். லக்கேஜா போட்டா 100 கிலோவுக்கு மேல் உள்ள ஒரே உருப்படிக்கு இரட்டைக் கட்டணம். வந்த சரக்கை உடனே எடுக்கலைன்னா வார்ஃபேஜ் வேற. அப்பாவை நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு அலைய விட மனசில்லை.

கடைசியில லாரி பார்சல் ஆபீஸ். புக்கிங் கிளார்க் எஞ்சினைப் பார்த்து முகம் சுளிப்பார்னு நினைச்சேன். மனுஷன் சந்தோஷப்பட்டார்! நம்ம கோட்டாறு கடைகளுக்கு தெற்கே போற லாரியில பிளாஸ்டிக் குடம், பிஸ்கட், மெத்தைன்னு காத்தடைச்ச சரக்குதான் நிறையவாம். லாரியில இடம் ரொம்பிடும், எடை மிச்சம் கிடக்கும். சின்ன இடத்துல உக்கார்ற இரும்பு அவங்களுக்கு லாபம். "சார், அந்தத் தகரம்தான் எங்களுக்குக் கஷ்டம், அதை ஆம்னி பஸ்ல போட்டு விடுங்க"ன்னார். எனக்கு விளங்கிடுச்சு. கனம்னா செலவுன்னு நாமளா நினைச்சுக்கிறோம், இடத்துக்குத்தான் அங்க காசு. கூரியர்காரர் சொன்னதுல அஞ்சுல ஒரு பங்குகூட ஆகலை. பானட் தனியா பஸ் டிக்கியில போச்சு.

பேக்கிங்தான் முக்கியம். ஆயில், பெட்ரோல் சொட்டு இல்லாம வடிச்சாச்சு. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோன்னு வெளிய நீட்டிட்டு இருக்கிறதெல்லாம் கழட்டி தனிப் பெட்டி. ஓட்டைகளுக்குத் துணி அடைச்சு, சம்ப் தரையில படாம பழைய டயர் மேல எஞ்சினை உக்கார வச்சு, சுத்தி மரச்சட்டம். பேரு, போன் நம்பரை பெயின்ட்ல எழுதினேன். பேப்பர் ஒட்டினா வழியிலேயே கிழிஞ்சிடும். வீடு வரைக்கும் கொண்டுவர்றது வேண்டாம், குடோன் டெலிவரியே போதும்னு சொல்லிட்டேன். அதுலயும் கொஞ்சம் மிச்சம்.

மூணாம் நாள் நாகர்கோவில் குடோன்லருந்து குட்டியானை வண்டியில தக்கலைக்கு வந்துச்சு. நான் ராத்திரி பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்திருந்தேன். ஒர்க்‌ஷாப்புல செயின் பிளாக் இரவல் வாங்கி, முற்றத்து ஆஞ்சிலி மரத்துக் கொம்புல கட்டி, மெதுவா இறக்கினோம். அப்பா யாரையும் கிட்ட விடலை, சங்கிலியை அவரே இழுத்தார். இறக்கினதும் மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு நம்பரைத் தடவிப் பார்த்தார். "நல்ல சாதனம்டே"ன்னார். அப்புறம் ஷெட்டுக்குள்ள போய் கோழிகளை விரட்டுற சத்தம் கேட்டுச்சு.

ஹெட் கேஸ்கட் இனிதான் வரணும். அதுக்கு லாரி வேண்டாம், தபால்லயே வந்திரும்.