நெருப்பில் ஒரு குரல்

இசை என்றால் பாட்டு. பாட்டு என்றால் பண்ணும் தாளமும். நம்மில் பலர் இப்படித்தான் எண்ணுகிறோம். பண்ணும் இன்றித் தாளமும் இன்றி ஒலி மட்டுமே நின்றால் அதை இசையென ஒப்புவோமா? விடுதியில் நான் ஜெர்மானிய மின்னணு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "விசிறி பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார் அறை நண்பர். கேலிதான், ஆனால் அதில் நியாயமும் இருந்தது. ஆயினும் அந்த இரைச்சலுக்குள் ஒரு வரலாறு உறைந்து கிடக்கிறது. அதை அறிந்தபின் அதே ஒலி என் செவியில் வேறாக விழுந்தது.

1951இல் கொலோன் நகர வானொலி நிலையத்தில் மின்னணு இசைக்கென்றே ஒரு கூடம் தோன்றியது. அங்கே வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. மின்னலைகளை எழுப்பும் பொறிகளும், ஒலிநாடாவும், நாடாவை வெட்டி ஒட்டும் கருவிகளுமே இருந்தன. அக்கூடத்தில் 1955-56இல் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹௌசன் 'இளைஞர்களின் பாடல்' என்னும் படைப்பை உருவாக்கினார். நீளம் 13 நிமிடம்தான். 12 வயதுச் சிறுவன் ஒருவனின் குரலைப் பதித்து, துண்டு துண்டாக்கி, மின்னொலிகளோடு கலந்தார். ஓரிடத்தில் சொல் தெளிவாக விளங்கும். மறுகணமே குரல் சிதறி, பொறியின் ஒலியோடு ஒன்றிவிடும்.

அச்சிறுவன் பாடுவது என்ன? விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் கதை அது. மன்னன் நிறுத்திய சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞர்களைத் தீச்சூளையில் எறிகிறார்கள். அவர்களோ தீயின் நடுவே நின்று இறைவனைப் போற்றுகிறார்கள்.

இனி, அதைப் படைத்தவரின் வாழ்வைப் பாருங்கள். அவருடைய அன்னை மனநோயாளி என்பதற்காகவே 1941இல் ஹாடமார் என்னும் ஊரில் ஹிட்லர் ஆட்சியால் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கும் வயது 12! தந்தை போருக்குப் போனார், திரும்பவில்லை. இதை அறிந்தபின் அச்சிறுவனின் குரலை வெறும் சோதனையாக எண்ண என்னால் இயலவில்லை. அணிவகுப்பின் தாளத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அந்தத் தாளத்தைத் துறந்ததில் வியப்பென்ன?

அடுத்து வந்தோர் வேறு வழி கண்டனர். சிறுவயதில் ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்க்கப்பட்டு, பின்னர்க் கிழக்கு ஜெர்மனியில் சிறையும் கண்டவர் ரோடேலியஸ். அவரும் மோபியஸும் 'கிளஸ்டர்' என்னும் பெயரில் இசைத்தனர். வேசர் ஆற்றங்கரையில் ஃபோர்ஸ்ட் என்னும் சிற்றூரில் குடியேறினர். 1976இல் ஆங்கிலேயர் பிரையன் ஈனோ அங்கே வந்து தங்கி, அவர்களோடு இசைத்தார். 1978இல் 'விமான நிலையங்களுக்கான இசை' என்னும் தொகுப்பை வெளியிட்டு, சூழலோடு கலந்து நிற்கும் இவ்வகை இசைக்கு 'ஆம்பியன்ட்' என்ற பெயரை நிலைநாட்டியவரும் அவரே.

புதிதாகக் கேட்போர் கிளஸ்டரின் 'சோவீசோசோ' தொகுப்பில் தொடங்கலாம். 1976இல் வெளிவந்த அது மிக மென்மையானது. கச்சேரிக்குமுன் தம்புராவின் சுருதியில் நம் மனம் அமைவதில்லையா? அந்த அமைதியோடு கேளுங்கள். 'இளைஞர்களின் பாடல்' பின்னர் வரட்டும். அது எளிதில் இனிக்காது.

நண்பர்களே! கொடுங்கோலர் கையில் இசையும் முரசாகிவிடும். அம்முரசைக் கேட்டுத் துயருற்ற மக்கள் ஒலியின் முதல் எழுத்திலிருந்து மீண்டும் கற்கத் தொடங்கினார்கள். அந்த முயற்சிக்கு நாம் 13 நிமிடம் தரலாகாதா?