கொங்கோ நதியின் தென்கரையிலே

ஆபிரிக்காவின் நடுவே பூமத்தியரேகையை இருமுறை கடந்து வளைந்தோடுகிறது கொங்கோ மாநதி. அதன் வடகரைக் காடுகள் சிம்பன்சிகளின் வீடு. தென்கரைக் காடுகளோ பொனொபோக்களின் வீடு. நீந்தத் தெரியாத இவ்விரு வாலில்லாக் குரங்கினங்களுக்கும் இடையே நதியே வேலியாய் அமைந்தது.

உருவத்தில் ஒத்த இவை ஒழுக்கத்தில் வேறுபடுகின்றன. சிம்பன்சிக் கூட்டத்தில் ஆணின் வலிமையே சட்டம். பொனொபோக்களிலோ, ஆண்குட்டி வளர்ந்த பின்னும் தாயை அண்டியே வாழும். பெண்குட்டி பருவமெய்தியதும் வேறு கூட்டம் புகும். அவ்வாறு வந்து சேர்ந்த, உறவில்லாத பெண்கள் ஒன்றுபட்டு நின்று முரட்டு ஆண்களை அடக்குகின்றன. இனத்தைக் காப்பது இரத்த உறவு மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் வேட்டைக்காரனின் துப்பாக்கி அக்காட்டையும் விட்டபாடில்லை. இறைச்சிக்காகத் தாயைச் சுடுகிறார்கள். குட்டியைச் சந்தையில் விற்கிறார்கள். ஒரு தாய் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறையே ஈனுமாதலால், ஓர் இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

தலைநகர் கின்சாசாவுக்கு அருகே, 1994இல் குளோடின் ஆந்திரே என்ற அம்மையார் அநாதைக் குட்டிகளுக்கென ஒரு புகலிடம் அமைத்தார். அதன் பெயர் 'லோலா யா பொனொபோ'. லிங்காலா மொழியில் 'பொனொபோக்களின் சுவர்க்கம்' என்பது பொருள். அங்கே உள்ளூர்ப் பெண்கள் குட்டிகளை இடுப்பிற் சுமந்து, பாலூட்டி வளர்க்கிறார்கள். அணைப்பின்றேல் குட்டி உணவையும் மறுத்து வாடிவிடுமாம். 2009இல் அங்கு வளர்ந்த சில மீண்டும் காடேகின.

பெறாத பிள்ளையைப் பேணும் அக்கைகளில், பொனொபோப் பெண்களின் அறமே தொடர்கிறதன்றோ!