கால் தந்த கைகள்

தலைநகருக்குக் குடிபெயர்ந்து வந்த நம்மனோர் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தால், உறவினர் வந்து சேருமுன்னரே அவர்தம் அறிவுரைகள் தொலைபேசியில் வந்து சேர்ந்துவிடும். 2011ஆம் ஆண்டு கார்த்திகையில் எங்கள் இளைய மகள் பிறந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் அம்முறை அறிவுரைகளோடு ஒரு கேள்வியும் வந்தது.

குழந்தையின் வலப்பாதம் உட்புறமாக மடங்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தவாறு இருந்தது. கும்பகோணத்திலிருந்து வந்திறங்கிய மாமியார் அதைக் கண்டதும், "ஆனி மாசத்துக் கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போனாயாடி?" என்று மகளைக் கேட்டார். அவ்வாண்டு ஜூன் 15 இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது உண்மைதான். எங்கள் வீட்டு அம்மையார் விடை சொல்லவில்லை. மூன்று நாள்கள் எவரோடும் பேசவுமில்லை. பாதத்தின் கோணலைவிட அந்த மௌனமே எங்களைப் பெரிதும் வருத்தியது.

முதலில் பார்த்த மருத்துவர், ஓராண்டு கழித்து அறுவை செய்துகொள்ளலாம் என்று கூறி அனுப்பிவிட்டார். அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தவே, பெரிய அரசு மருத்துவமனையொன்றில் குழந்தைகளின் எலும்பு மருத்துவரைக் கண்டோம். அவர் பாதத்தைத் தொடுமுன் தாயை நோக்கி, "அம்மா, ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. நீங்கள் செய்த பிழை எதுவுமில்லை" என்றார். அதன்பின், "இதற்குப் பொன்செட்டி முறை இருக்கிறது" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமியாரின் முகம் மலர்ந்தது. "எந்த ஊர்ச் செட்டியார்? காரைக்குடியா, தேவகோட்டையா?" என்று வினவினார்!

இக்னாசியோ பொன்செட்டி நம் செட்டிநாட்டவர் அல்லர். 1914ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மெனோர்க்கா தீவில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் பட்டறையில் நுண்ணிய பற்சக்கரங்களைக் கையாண்ட விரல்கள் அவருடையவை. பார்சிலோனாவில் மருத்துவம் பயின்று முடித்த வேளையில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுப் படையில் மருத்துவராகப் பணியாற்றினார். தோல்விக்குப் பின் பிரான்சுக்கும், அங்கிருந்து மெக்சிகோவுக்கும் சென்று, சிற்றூர் வைத்தியராக வாழ்ந்து, 1941இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தார். பிழைப்புக்காக மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய நமக்கு, அந்தப் பயணத்தின் சுமை ஓரளவேனும் விளங்கும்.

அங்கே கோணற்பாதத்துக்கு அறுவை செய்துகொண்ட பழைய நோயாளிகளை ஆராய்ந்தபோது, வளர்ந்தபின் அப்பாதங்கள் விறைத்து வலிப்பதைக் கண்டார். பச்சிளங் குழந்தையின் பாத எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பே. தசைநார்கள் இழுத்தால் இளகுபவை. ஆகவே கணுக்கால் எலும்பின் தலையில் பெருவிரலை ஊன்றி, பாதத்தை மெல்ல வெளிப்புறம் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டுப் போட்டார். வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு கட்டுகள். இறுதியில் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு. அதுவும் மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும்.

1963இல் இம்முறையை அவர் ஏட்டில் வெளியிட்டார். கோப்புகளோடு காலம் கழிக்கும் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு, அடுத்து நடந்தது புதிதன்று. முப்பதாண்டுக் காலம் அது நிலுவையில் கிடந்தது! கத்தியின்மேல் நம்பிக்கை வைத்திருந்த மருத்துவ உலகம் கைகளை நம்பவில்லை. 1995இல், அவரிடம் சிகிச்சை பெற்று நடுவயதை எட்டிய 45 பேரை மீண்டும் அழைத்துச் சோதித்தனர். அவர்களுள் 78 விழுக்காட்டினரின் பாதங்கள் நன்றாகவோ மிக நன்றாகவோ இயங்கின. பழைய ஆவணங்களை எவரோ ஓர் எழுத்தர் ஒழுங்காகப் பேணியிராவிட்டால், அந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா என்று எண்ணிக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் ஞாயிறு இரவுகளில் வெந்நீர் வைத்துக் கட்டை ஊறவைத்துப் பிரிப்பதும், திங்கள் காலையில் ஆட்டோவில் மருத்துவமனைக்கு விரைவதும் வழக்கமாயின. ஒவ்வொரு கட்டைப் பிரித்தபோதும் பாதம் சிறிது நேராகியிருந்தது. ஆறாம் கட்டுக்குப்பின் காலணிகள் இரண்டை ஒரு கம்பியில் பொருத்திய கருவியைத் தந்தனர். முதல் மூன்று மாதங்கள் நாள் முழுதும். பின்னர் நான்கு வயதுவரை உறங்கும்போது.

இங்கேதான் நாங்கள் தவறினோம். மகளுக்கு இரண்டு வயதானபோது ஒரு திருமணத்துக்காக ஊருக்குச் சென்றோம். "குழந்தைக்கு விலங்கு பூட்டுகிறீர்களே!" என்று ஊரார் இரங்கினர். மூன்று வாரங்கள் கருவி பெட்டியிலேயே கிடந்தது. தில்லி திரும்பியபின்னும் அவள் அழுத இரவுகளில் எடுத்துவைத்துவிட்டோம். சில மாதங்களில் பாதம் மீண்டும் உள்நோக்கித் திரும்பியது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. மாவுக்கட்டை மறுபடி நனைத்தார். அந்தப் பொறுமையின்முன் நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அதன்பின் ஓரிரவும் தவறவில்லை. அவள் அழுத இரவுகளில் கருவியைக் கழற்றாமல் மடியில் கிடத்தித் தாலாட்டியவர், கிரகணத்தைப் பற்றிக் கேட்ட அதே பாட்டிதான்.

பொன்செட்டி தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் குழந்தைகளுக்குக் கட்டுப் போட்டு, 2009இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார். எங்கள் மகள் பிறந்தது அதற்கு ஈராண்டு கழித்து. இன்று அவள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கப் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடுகிறாள். கீழ்வீட்டார் அந்த ஓசையைப் பற்றிக் குறைகூறும்போது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளூர மகிழ்கிறோம்.

நம் குடும்பங்களில் இத்தகைய குழந்தை பிறந்தால், முதல் வாரத்திலேயே எலும்பு மருத்துவரிடம் கொண்டு செல்வோமாக. தாயிடம் கிரகணத்தைப் பற்றிக் கேளாதிருப்போமாக.