அஞ்சலா, தமிழ்99-ஆ?

ஒரு மென்பொருள் கத்துக்க சுலபமா இருக்கணுமா, இல்ல கத்துக்கிட்ட பிறகு வேகமா இருக்கணுமா? எங்க தொழில்ல ஓயாத சண்டை இது. ரெண்டும் வேணும்பார் கிளையன்ட். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார் :-)

இதுக்கு உதாரணம் வெளியில தேட வேண்டாம் மக்களே, நம்ம கைக்குக் கீழேயே இருக்கு. தமிழ் விசைப்பலகையைத்தான் சொல்றேன்.

அஞ்சல் முறையில ஏ, எம், எம், ஏ, ஏ-ன்னு தட்டினா 'அம்மா' வந்துடும். அஞ்சு நிமிஷத்துல பழகிடலாம், வாத்தியார் தேவையில்லை. (டபிள்யூ தட்டினா ஏன் 'ந' வருதுன்னு மட்டும் கேக்கப்படாது.) எ-கலப்பையை இறக்கினோமா எழுதினோமான்னு நம்மள்ல நிறைய பேர் தமிழ்ல எழுத ஆரம்பிச்சது இந்த வழியாத்தான். அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு.

தமிழ்99 அப்படி இல்ல. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த தர விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'க' அடிக்க ஒரே தட்டு, அஞ்சல்ல ரெண்டு. அதைவிட அழகு, புள்ளி வைக்கிற விஷயம். 'க' ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குத் தானா புள்ளி விழுந்து 'க்க' ஆயிடும். ந, த தட்டினா 'ந்த'. தமிழ்ல எந்த எழுத்துக்குப் பின்னாடி எது வரும்னு தெரிஞ்ச ஆளுங்க யோசிச்சு செஞ்சிருக்காங்க. 'வணக்கம்' அடிக்க அஞ்சல்ல ஷிப்டையும் சேர்த்து ஒன்பது தட்டு, இதுல ஆறு. அஞ்சல்ல எத்தனை வருஷம் பழகினாலும் கை வேகமாகும், தட்டு குறையாது.

ஆனா மாறுறது இருக்கே! முதல் ரெண்டு வாரம் நான் உருப்படியா எதுவுமே எழுதல. மனசுல ஒரு வரி வரும், 'ழ' எங்கேன்னு விரல் தேடுறதுக்குள்ள அந்த வரி போயிடும். நல்லா எழுதுற நண்பன் ஒருத்தன் மூணாம் நாளே அஞ்சலுக்குத் திரும்பிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். எழுத வந்தவனைப் போய் டைப்பிங் கிளாஸ்ல உக்கார வெச்சா?

எனக்கென்னமோ சுலபம், வேகம்ங்கிற சண்டையே கொஞ்சம் திசை மாறிப் போச்சுன்னு தோணுது. மெனுவைப் பாருங்க. 'சேமி'ன்னு எழுதி பக்கத்துலயே கண்ட்ரோல்-எஸ்னு சின்னதா போட்டிருக்கும். புதுசா வந்தவர் மவுஸால தட்டுவார், தினம் கண்ணுல படுறதால ஒருநாள் கை தானா கண்ட்ரோல்-எஸ்ஸுக்குப் போயிடும். வேலையும் நிக்கல, பாடமும் படிச்சாச்சு. அஞ்சலுக்கும் தமிழ்99-க்கும் நடுவுல அந்த மாதிரி படிக்கட்டு இல்ல. ஒண்ணுல சேர்த்த பழக்கம் இன்னொண்ணுக்கு உதவாது, திரும்பவும் 'அ' எங்கேன்னு தேடணும்.

நான் கேக்கிறது ரொம்ப சின்ன விஷயம். அஞ்சல்ல ஒரு சொல்லை அடிச்சு முடிச்சதும், அதையே தமிழ்99-ல எந்தெந்த விசையில அடிக்கலாம்னு ஓரத்துல மங்கலா காட்டணும். பிடிக்காதவங்க அணைச்சு வெச்சுக்கலாம். இப்படி யாராவது ஏற்கெனவே செஞ்சிருந்தா சொல்லுங்கப்பா. இல்லேன்னா ஒரு சனி ஞாயிறு நானே உக்காந்து பாக்கிறேன்.