தணலிற் சுட்ட ரொட்டி

நிவாரண மாவின் மணம் எப்படி இருக்கும் என்று எங்களிற் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் முகாமில் இருந்தபோது காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி. தேங்காய்ப்பூ இல்லை, உப்பும் தண்ணீரும் மட்டுந்தான். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெளியே வந்த பின்னும் நெடுங்காலம் நான் கோதுமை மாவைத் தொடவில்லை. அந்த மாவை மறுபடி விருப்பத்தோடு குழைத்தது எங்கே தெரியுமா? அவுஸ்திரேலியாவில், ஓர் ஆற்றங்கரையில்.

கடந்த ஆண்டு மெல்பேணில் இருக்கும் தங்கையிடம் போயிருந்தேன். எங்களுக்கு வெயில் கொளுத்தும் ஆடி மாதம் அங்கே குளிர்காலம். வடமேற்கே ஏறத்தாழ 540 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மில்டுராவுக்குக் கூட்டிப் போனார்கள். மரே ஆற்றங்கரையில் உள்ள ஊர். இலையுதிர்ந்து நின்ற முந்திரிகைத் தோட்டங்களைப் பார்க்க எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் செம்மண் பாதையில் 110 கிலோமீற்றர் ஓடி முங்கோ ஏரிக்குப் போனோம். பெயர்தான் ஏரி, தண்ணீர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டது. 1981இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இடம். வழிகாட்டி இல்லாமல் மணல்மேட்டில் ஏற விடமாட்டார்கள். எங்களுக்கு வழிகாட்டியவர் அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். மணலில் கறுத்துக் கிடந்த ஓர் அடையாளத்தைக் காட்டி, "இது பழைய அடுப்பு" என்றார். மா அரைத்த கற்களைப் பற்றியும் சொன்னார்.

அந்நாட்டில் கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழைமையான அரைகற்கள் கிடைத்திருக்கின்றன. புல்லரிசியைக் கொய்து, புடைத்து, கல்லில் அரைத்து, சாம்பலிற் சுட்டு ரொட்டி ஆக்கியவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் அரைத்த ஒரு புல்லரிசி எங்கள் சாமையின் இனம் என்று அறிந்தபோது உறவினரைக் கண்டதுபோல் இருந்தது.

1788இல் வெள்ளையர் குடியேறத் தொடங்கினர். பிறகு ஆடும் மாடும் புல்வெளிகளை மிதித்து மேய்ந்தன. நிலத்தை இழந்தவர்களுக்குப் பங்கீடாகக் கிடைத்தவை கோதுமை மா, சீனி, தேயிலை. அரைகல் மூலைக்குப் போயிற்று. இதைக் கேட்டபோது முகாம் வரிசையில் பையோடு நின்ற என்னையே கண்டேன். ஆனால் தணலிற் சுடும் கைப்பழக்கத்தை அந்தப் பெண்கள் விடவில்லை. வந்த மாவையும் அதே சாம்பலிற் சுட்டார்கள். மாடு மேய்க்கப் போன வெள்ளையரும் கோதுமை மாவைத் தணலிற் சுட்டே பசியாறினார்கள். அந்த ரொட்டிக்கு இன்று 'டாம்பர்' என்று பெயர்.

அன்று மாலை ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டினோம். தங்கை மாப் பையை என் முன் வைத்து, "அக்கா, நீங்களே குழையுங்கோவன்" என்றாள். ஒரு கணம் தயங்கினேன். பிறகு கையை விட்டேன்.

மூன்று கோப்பை மா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பு, சிறிது பட்டர். ஏறத்தாழ ஒரு கோப்பை தண்ணீரை மெல்ல மெல்ல விட்டு மெதுவாகச் சேர்க்க வேண்டும். அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். மூன்று கால் வைத்த இரும்புச் சட்டியில் வைத்து மூடி, தணலில் ஒரு பங்கைக் கீழேயும் இரண்டு பங்கை மூடிக்கு மேலேயும் பரப்பினோம். சுவாலை கூடாது, தணல்தான் வேண்டும். கீழே தணல் கூடினால் அடி கருகும். உள்ளே மா பச்சையாய் இருக்கும். அரை மணித்தியாலத்தில் திறந்து தட்டிப் பார்த்தோம். 'டொக்' என்று வெற்றொலி கேட்டது. வெந்துவிட்டது.

எங்கள் அம்மம்மாவும் அப்பச்சட்டி மூடியில் சிரட்டைத் தணல் போட்டவர்தானே! இரண்டு கரையிலும் ஒரே கைவேலை. பாணி தொட்டு அந்த ரொட்டியைச் சாப்பிட்டபோது கண் கலங்கியது. புகை என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பிய பின் வீட்டிலும் செய்கிறேன். பாதி கோதுமை மா, பாதி குரக்கன் மா. கனமான சட்டி, மூன்று கல், சிரட்டைத் தணல் போதும். பிளாஸ்ரிக் பிடியுள்ள மூடி வேண்டாம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். இதற்கு எரிவாயுவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மாலையில் நாலு ரொட்டி கூடச் சுட்டால் அயலில் விற்கவும் முடியும்.

சகோதரிகளே, நிவாரண மாவைத் தின்ற நாட்களை நினைத்து நாங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கிடைத்த மாவைக் கொண்டு பிள்ளைகளை உயிரோடு காத்தது எங்கள் கைதான். அந்தக் கைக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்கும் பழக்குவோம். சாமையும் குரக்கனும் எங்கள் அடுப்பை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வோம்.