பானையில் ஒரு பெயர்

மாசி மாதம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்துத் தம்பானூரின் தோற்றமே மாறிவிடும். ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் சுற்றியுள்ள சாலையோரங்களில் மண்பானைகள் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும். ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலைக்காகத் தமிழகத்திலிருந்தும் பானைகள் வந்து இறங்கும். 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. மதுரையை எரித்த கண்ணகியே ஆற்றுக்காலில் எழுந்தருளினாள் என்பது மக்களின் நம்பிக்கை. அவள் கதையைக் கூறும் தோற்றம்பாட்டில் பாண்டியன் வீழும் பகுதி பாடப்பெற்ற பின்னரே அடுப்புகளில் தீ மூட்டுவர்.

ஒரு நாள் மாலை, தாயும் மகளும் அங்குப் பானை வாங்க வந்தனர். சிறுமி இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். வெளியில் பேசக் கூசுவாள். "வீட்டிலுள்ள எவர்சில்வர் பானை போதாதா, அம்மா?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

பானை விற்ற மூதாட்டி குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பானையை விரலால் சுண்டினார். கணீரென்று ஓசை எழுந்தது.

"கேட்டாயா மக்களே? விரிசல் இருந்தால் இந்த ஓசை வராது. களிமண்ணில் சிறு கல் கிடந்தாலும் சூளையில் பானை வெடித்துவிடும். சக்கரத்தில் வனைந்து, பாதி காய்ந்ததும் உள்ளே கல்லை வைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை மூடவேண்டும்" என்றார்.

மலையாளத்தில் அப்பானையைக் 'கலம்' என்பர். அது பழந்தமிழ்ச் சொல்லே. குயவரைச் சங்கப் புலவர் 'வேட்கோ' என்றனர்.

"கூட்டத்தில் பானை மாறிவிடும். உன் பெயரை எழுதிவை" என்றார் தாய்.

பானையில் பெயர் எழுதுவது தமிழரின் தொன்மையான வழக்கம். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' முதலிய பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. எகிப்து நாட்டின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த ஓடு ஒன்றில் 'பானை ஒறி' என்று எழுதப்பட்டிருப்பதை அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்ற தமிழரும் தம் பானையில் தம் மொழியையே எழுதினர்.

சிறுமி ஆணியை எடுத்துக் கீறத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. தன் பெயரில் வருவது ளகரமா, ழகரமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மூதாட்டியை நோக்கினாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மக்களே. நான் பானை செய்தேன், எழுத்தை நீதான் எழுதவேண்டும்" என்றார் அவர்.

சிறுமியின் முகம் சிவந்தது. தாயிடம் தமிழிலேயே கேட்டாள். கேட்டு, எழுதி முடித்தாள்.

பொங்காலை நாளில் பானை பொங்கி வழிந்தது. புகையில் பெயர் கரியேறி மறைந்தது. வீடு திரும்பிப் பானையைக் கழுவியபோது, கீறிய எழுத்துகள் ஒன்றும் குறையாமல் மீண்டும் தெரிந்தன.

சொற்பொருள்
வனைதல் – மண்ணால் பாண்டம் செய்தல்
சூளை – பாண்டங்களைச் சுடும் உலை
உறி – பாண்டங்களைத் தொங்கவிடும் கயிற்று வலை

சிந்தித்து எழுதுக
1. சிறுமியின் முகம் சிவந்தது ஏன்?
2. உங்கள் குடும்பம் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.