அம்பு செய்தவருக்கும் நன்மை



ஈராண்டுகளுக்கு முன், நம் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயம் கேட்டார். தேசிய மாணவர் படையில் துப்பாக்கி சுடப் பழகிய அவர், நகரிலுள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர விரும்பினார். "வேண்டாம் தம்பி, அது நமக்கு எதற்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நம் விடைக்குப் பின்னால் இறைவசனமோ நபிமொழியோ இருக்கவில்லை. முஸ்லிம் பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் கண்டால் ஊர் என்ன பேசுமோ என்ற அச்சமே இருந்தது.

சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். கழகத்தின் பழைய பெஞ்சுகளைக் கரையான் அரித்துவிட்டது. புதியன செய்யத் தன்னார்வலர்களை அழைத்திருந்தார்கள். அவருடைய வாப்பா தச்சர். "சுடறதுக்கு இல்ல ஹஜ்ரத், பெஞ்சு செய்ய மட்டும் வாப்பாகூடப் போகலாமா?" என்று அவர் கேட்டபோது நமக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஞாயிறன்று நாமும் உடன் சென்றோம்.

அது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கூடம். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளியோ 0.5 மில்லிமீட்டர்தான். சுடுபவர் நின்றபடி சுடுகிறார். ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் துப்பாக்கியை முன்னாலுள்ள பெஞ்சில் இறக்கி இளைப்பாறுகிறார். உள்ளே நுழைந்ததும் பயிற்சியாளர் சொன்ன முதல் விதி, குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல்முனை இலக்கை நோக்கியே இருக்க வேண்டும் என்பது. பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்புடன் செல்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது நம் நினைவுக்கு வந்தது.

இளைஞர்கள் உப்புத்தாளால் பலகைகளைத் தேய்த்தார்கள். நாம் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தோம். லுஹர் நேரத்தில், கழகத்தின் பெரியவர் ஒருவர் தாமே ஓர் அறையைக் கூட்டி, நாம் தொழ இடம் தந்தார். எந்த ஊருக்கு அஞ்சினோமோ அந்த ஊர் இதுதான்.

பிற்பகலில் ஒரு பெஞ்சு நூலளவு ஆடியது. "பரவாயில்லை, போதும்" என்றோம். தச்சர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் காலைக் கழற்றினார். "இதுல ஒரு புள்ள துப்பாக்கிய வைக்கும் ஹஜ்ரத்" என்றார். எல்லாச் செயலிலும் அல்லாஹ் அழகிய முறையை விதித்திருக்கிறான் என்ற ஹதீஸைப் பல முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அன்று அவர் நமக்கு அதை நடத்தினார்.

ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்று திர்மிதி, அபூதாவூத் நூல்களில் பதிவாகியுள்ளது: நன்மையை நாடி அதைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர். அம்பெய்யப் பழகுவதை நபியவர்கள் ஊக்குவித்ததையும் நாம் அறிவோம். அறிந்திருந்தும் ஒரு பிள்ளையைத் தடுத்தோம்.

அஸருக்கு முன் ஆறு பெஞ்சுகள் ஆடாமல் நின்றன. கழகத்தில் சேரும் படிவத்தை நாமே கேட்டு வாங்கி அம்மாணவரிடம் கொடுத்தோம். "அன்று நாம் சொன்னது மார்க்கத் தீர்ப்பு அல்ல தம்பி, நம்முடைய அச்சம். நம்மை மன்னித்துவிடு" என்றோம். அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் போச்சே ஹஜ்ரத்" என்று மெல்லச் சொன்னார். அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் அச்சொல் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

இது ஆகும், இது ஆகாது என்று நாவுக்கு வந்தபடி சொல்வதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் எச்சரிக்கிறது. உஸ்தாதுகளும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு விடை சொல்லுமுன், அது அறிவிலிருந்து வருகிறதா, அச்சத்திலிருந்து வருகிறதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, நம் பிள்ளைகளின் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.